கொடி ஒரு பக்கம், புகை ஒரு பக்கம்

புதுசு போட்ட பதினோராம் நாள் ஃபில்டரைக் கழற்றினேன். கறுப்பு.

அழுக்கு என்று சொல்லவில்லை, கறுப்பு என்கிறேன். இரண்டும் ஒன்றில்லை. வீட்டுத் தூசி படிந்த ஃபில்டர் சாம்பல் நிறத்தில் இருக்கும், அதில் நூலும் முடியும் சிக்கியிருக்கும், தட்டினால் உதிரும். இது உதிரவில்லை. விரலால் தொட்டேன், மை மாதிரி ஒட்டிக்கொண்டது. சோப்புப் போட்டுத் தேய்த்தும் ரேகைக்குள்ளிருந்து போகவில்லை. டீசல் கரி அப்படித்தான், அதில் எண்ணெய்ப் பசை உண்டு. இதற்குமுன் மூன்று மாதம் கழித்துத்தான் கழற்றியிருக்கிறேன், அப்போது கறுப்பாக இருந்தது ஆச்சரியமாகத் தெரியவில்லை. மூன்று மாதம் தாங்கவேண்டிய பஞ்சு இப்போது பதினோரு நாளில் தார் பூசியதுபோல ஆகியிருந்தது.

"என்ன அண்ணி, செத்த எலியப் பாக்குற மாதிரி பாக்குறீங்க?"

ஏணிக்குக் கீழே என் நாத்தனார். ஏணி நின்ற குழந்தைகள் காப்பகத்தின் டீச்சர் அவள்தான். ஆறு மாடிக் கம்பெனிக் கட்டடத்தின் தரைத்தளத்தில், சாலையை ஒட்டிய அறை. கணக்கு எழுதுபவர், வண்டி ஓட்டுபவர், தரை துடைப்பவர் என்று அங்கே வேலை செய்கிறவர்களின் குழந்தைகள் இருபத்திரண்டு பேர். சாலைச் சத்தம் கேட்கக்கூடாதென்று ஜன்னல் கண்ணாடியை மொத்தமாக அடைத்துவிட்டார்கள். அதனால் வெளிக்காற்றை ஒரு விசிறி இழுத்து, ஃபில்டர் வழியாக விட்டு, கூரைக்கு மேலே ஓடும் தகரக் குழாயில் தள்ளி அறைக்குள் இறக்கும். அந்தக் குழாய், விசிறி, ஃபில்டர் எல்லாம் என் பொறுப்பு. கட்டடத்தில் என்னைத் தகரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"எலியா இருந்தா தூக்கிப் போட்டுட்டுப் போயிடுவேன்" என்றேன். "குழந்தைங்க தூங்குதா?"

"ஒண்ணத் தவிர எல்லாம்."

அந்த ஒன்று அவள் பெற்றது. இரண்டரை வயது. ஓயாமல் கத்துவாள் என்பதால் வீட்டில் அவளுக்குச் சில்வண்டு என்று பெயர். இப்போது சுவரில் முதுகைச் சாய்த்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டும். நெஞ்சுக்குள் பழைய கதவு திறந்து மூடுவதுபோல ஒரு கீச்சொலி. என்னைப் பார்த்தால் "அத்தே!" என்று ஏணியை உலுக்குகிற பிள்ளை, கையை மட்டும் தூக்கிக் காட்டினாள்.

"காலையிலேருந்து மூச்சுக்கு ரெண்டு தடவ பம்பு அடிச்சாச்சு" என்றாள் நாத்தனார். "எங்க மாமியார் என்ன சொல்றாங்க தெரியுமா? நான் ஐஸ் தண்ணி குடுக்குறேனாம். ஐஸ் தண்ணின்னா லீவு நாள்ல மட்டும் எப்படி நல்லா இருக்கா? ரெண்டு நாள் வீட்டுல துள்ளிக்கிட்டுக் கெடக்கா. திங்கக்கெழம மத்தியானம் ஆனா ஆரம்பிச்சிடுது."

"இவ ஒருத்திக்கா?"

"ஆறு பேர் பையில பம்பு இருக்கு அண்ணி. நான் வேலைக்குச் சேர்ந்தப்ப ஒண்ணுகூட இல்ல."

ஏணியிலிருந்து இறங்கினேன். கோபம் வந்தால் சிலருக்கு வார்த்தை தடுமாறும். எனக்குக் கணக்குத் தெளிவாகும். ஃபில்டரில் ஒட்டியிருப்பது மாட்டிக்கொண்ட கரி. அது போகட்டும். முடியின் பருமனில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத பொடிக்கரி இந்தப் பஞ்சில் மாட்டாது. கொசுவலையில் மணல் நிற்குமா? மாட்டியது இவ்வளவு என்றால், மாட்டாமல் உள்ளே போனது எவ்வளவு? அது எங்கே போயிருக்கும்? சுவரோரம் உட்கார்ந்திருந்த குழந்தையின் விலா உள்ளே போய் வந்துகொண்டிருந்தது.

ஃபில்டரை ஒரு பாலிதீன் பையில் போட்டு ஐந்தாம் மாடிக்குக் கொண்டுபோனேன். கட்டட மேனேஜரை எல்லோரும் 'ஆகட்டும்' என்பார்கள். லிஃப்ட் நின்றாலும், கூரை ஒழுகினாலும், அவர் சொல்வது ஒன்றுதான்.

"ஆகட்டும், பாக்கலாம்" என்றார், மேசைமேல் வைத்ததைப் பார்க்காமலே. "மாசம் ஒரு தடவ மாத்துங்க."

"மாத்துறது பிரச்சினை இல்ல சார். உள்ள வர்ற காத்தே கெட்டுப்போயிருக்கு."

"யார் சொன்னா?" ஒரு தாளை எடுத்து என் பக்கம் திருப்பினார். பச்சைக் கட்டத்தில் 'நன்று' என்று அச்சாகியிருந்தது. "போன வாரம் வந்த ரிப்போர்ட். மிஷின் பொய் சொல்லுமா? நீங்களும் உங்க நாத்தனாரும் சேந்து பெத்தவங்களப் பயமுறுத்தாதீங்க. அந்தம்மாவுக்கு வேலை வேணுமா வேணாமா?"

"எங்க சார் அளந்தது?"

"நம்ம பில்டிங்லதான்."

"நம்ம பில்டிங்ல எங்க?"

"மாடியில."

மொட்டைமாடிக்குப் போனேன். நான்கு வருடத்தில் அங்கே ஏறியது இரண்டு மூன்று தடவைதான், அது முதலாளியின் தோட்டம். கால் புதையும் புல், ஆளுயரக் கண்ணாடித் தடுப்பு, சாய்வு நாற்காலி இரண்டு, சின்ன நீரூற்று. பத்து மணிக்கு அவர் அங்கே நடப்பார். நீரூற்றுக்குப் பக்கத்தில் ஒரு கம்பத்தில் வெள்ளைப் பெட்டி, காற்றை அளக்கும் கருவி. ஏன் அங்கே? பிளக் பாயிண்ட் அங்கேதான் இருந்ததாம்! மூச்சை இழுத்துப் பார்த்தேன். நல்ல காற்று. கருவி பொய் சொல்லவில்லை. முதலாளி என்ன மூச்சு விடுகிறார் என்பதை அது ஒழுங்காக அளந்துகொண்டிருந்தது. அதைத்தான் அச்சடித்து, ஆறு மாடி கீழே இருக்கிற குழந்தைகளின் காற்று என்று காட்டுகிறார்கள்.

பல்லைக் கடித்துக்கொண்டு தடுப்போரம் போய்க் கீழே பார்த்தேன்.

மொட்டைமாடியில் கம்பெனிக் கொடி சாலையைப் பார்த்துப் படபடத்துக்கொண்டிருந்தது. அதாவது காற்று எங்கள் கட்டடத்தின் பின்பக்கமிருந்து வந்து, தலைக்கு மேலே போய், எதிரே நிற்கும் பத்து மாடியை நோக்கி அடிக்கிறது. இந்த ஊரில் முக்கால்வாசி நாள் அதே திசைதான். கீழே நடைபாதையில் காகிதக் கப்புகள், சருகுகள், கிழிந்த பை ஒன்று. அவை எதிர்ப்பக்கம் அல்லவா போயிருக்கவேண்டும்? போகவில்லை. சாலையின் குறுக்கே எங்கள் பக்கமாக உருண்டு வந்தன. எங்கள் சுவரடியில்தான் குவிந்துகிடந்தன. எதிர்க் கட்டடத்தின் அடி பெருக்கிவிட்டதுபோல் சுத்தம்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. குப்பையைப் பார்த்தல்ல. அந்தக் குவியலுக்கு நேர் மேலே, சுவரில் இடுப்பு உயரத்தில், சாலையைப் பார்த்தபடி இருக்கிறது காப்பகத்துக்குக் காற்று இழுக்கும் துவாரம். அதை வெட்டியது நான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், இன்ஜினியரும் நானும் இதே மாடியில் நின்றுதான் இடம் முடிவு செய்தோம். பின்பக்கம் ஜெனரேட்டர் இருப்பதால் அங்கே வேண்டாமென்றார், அது நியாயம். பிறகு கொடியைக் காட்டினார். "காத்து நம்ம பக்கத்துலேருந்து ரோட்டப் பாத்து அடிக்குது. வண்டிப் புகை பூரா எதிர்ப்பக்கம் போயிடும். ரோட்டுப் பக்கமே வாய் வச்சிடலாம்." நான் சொன்னது "சரிங்க சார்". அவ்வளவுதான். சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனோம். அவர் படித்தவர், நான் இருபது வருடம் காற்றோடு புழங்குகிறவள். இரண்டு பேரும் காற்றைக் கொடியில் பார்த்தோம். குழந்தை மூச்சு விடுவது கொடி உயரத்திலா?

நடந்தது என்ன என்று விளங்க ஒரு தொட்டி போதும். நீளமான தொட்டியில் பாதி தண்ணீர் வைத்து, ஒரு பக்கமிருந்து மேலாக ஊதுங்கள். மேல் தண்ணீர் நீங்கள் ஊதும் திசையில் போகும். எதிர்ச்சுவரில் முட்டும். முட்டியது எங்கே போகும்? கீழே இறங்கும். இறங்கி, அடித்தரையோடு உங்களை நோக்கித் திரும்பி வரும். வந்து உங்கள் பக்கச் சுவரில் ஏறும். சுற்றிக்கொண்டே இருக்கும், தொட்டியைவிட்டு வெளியே போகாது.

இரண்டு பக்கமும் நெருக்கமாகக் கட்டடம் நிற்கும் சாலையும் மூடியில்லாத தொட்டிதான். மேலே வரும் காற்று எதிரே இருக்கும் பத்து மாடியில் முட்டிக் கீழே பாய்கிறது. மேலிருந்து வருவதால் அந்தப் பக்கம் சுத்தமான காற்று. அது தரையோடு திரும்பும்போது, சாலையில் நிற்கிற ஒவ்வொரு வண்டியின் புகையையும் வாரிக்கொண்டு எங்கள் சுவருக்கு வருகிறது. போதாததற்கு எங்கள் வாசலில் பஸ் நிறுத்தம், பத்தடியில் சிக்னல். பஸ் நிற்கும், உறுமும், கிளம்பும்போது ஒரு கொத்துக் கரியைக் கக்கும். அது எதிர்ப்பக்கம் போகவில்லை. இரண்டு வருடமாக, காலை எட்டு மணியிலிருந்து, நான் வெட்டிய துவாரத்துக்குள் போயிருக்கிறது. விசிறிக்கு என்ன தெரியும்? கொடுத்ததை இழுத்தது.

கீழே போய் நாத்தனாரிடம் சொன்னேன். நான்தான் வெட்டினேன் என்பதையும் சொன்னேன். அவள் ஏதாவது திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சில்வண்டின் நெஞ்சைத் தடவிக்கொண்டே, "அதைத் திரும்ப மாத்த முடியுமா, முடியாதா? அத மட்டும் சொல்லுங்க" என்றாள்.

"முடியும். ஆனா அவங்க ஒத்துக்கணும்."

"அவங்க கண்ணால பாத்தாத்தான் ஒத்துப்பாங்க."

எங்கள் வேலையில் புகைக்குச்சி என்று ஒன்று உண்டு. குழாயில் எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்க உதவும். கொளுத்தினால் நான்கு நிமிடம் வெள்ளைப் புகை, கெடுதல் இல்லாதது. மறுநாள் காலை எட்டரைக்கு, பெற்றோர்கள் குழந்தைகளை இறக்கிவிட வரும் நேரத்தில், அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு சாலை நடுவில் இருக்கும் திட்டில் போய் நின்றேன். குழந்தைகளை உள்ளே விடாமல், வரவேற்புக் கூடத்துக் கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்தியிருந்தாள் நாத்தனார்.

"எல்லாரும் மொதல்ல மேல கொடியப் பாருங்க" என்று கத்தினேன். பார்த்தார்கள். எதிர்ப்பக்கம் பறந்தது. "இப்பப் புகையப் பாருங்க."

கொளுத்தினேன்.

புகை ஒரு கணம் என் முழங்காலைச் சுற்றி நின்றது. பிறகு கொடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எங்கள் கட்டடத்தை நோக்கி நடந்தது. சாலையைக் கடந்தது, நடைபாதையில் ஏறியது, சுவரில் மோதி எழும்பியது. துவாரத்துக்கு முன்னால் வந்ததும், வெளியே போய்விட்டு வீடு திரும்பிய ஆள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவதுபோல, கொஞ்சமும் தயங்காமல் கம்பிக்குள் நுழைந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் கிளம்பி, கரியைக் கக்கிவிட்டுப் போனது. என் வெள்ளைப் புகை போன அதே வழியில் கறுப்புப் புகையும் போனது.

"யோவ்" என்றார் கம்பெனி வண்டி ஓட்டும் டிரைவர், யாரிடமென்று இல்லாமல். "எம்புள்ள உள்ள இதையா குடிக்கிறான்?"

"நான் எம்பொண்ண சளிக்கு எத்தன டாக்டர்கிட்ட காட்டுனேன்" என்றாள் வரவேற்பில் உட்காரும் பெண். "எத்தன டாக்டர்! பூனைய வீட்ட விட்டே துரத்துனேன், பூன முடின்னு நெனச்சு."

ஆகட்டும் சார் இறங்கி ஓடி வந்தார். பின்னால் இன்ஜினியரும்.

"பொது எடத்துல புகை போடலாமா? யார்கிட்ட பர்மிஷன் கேட்டீங்க?"

"நான் போட்டது ஒரு குச்சி சார். நாள் முழுக்கப் போடுதே அந்தப் பஸ்ஸு, அது யார்கிட்ட பர்மிஷன் கேட்டுச்சு?"

சிலர் சிரித்தார்கள். நல்ல சிரிப்பில்லை அது. இன்ஜினியர் கொடியையும் துவாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஆகட்டும் கூட்டத்தை எண்ணிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சரி, இதுக்கு ஏன் ஊரக் கூட்டணும்? அந்த ஓட்டைய இப்பவே அடைச்சிடுங்க. பிரச்சினை முடிஞ்சது."

"அடைச்சா உள்ள இருக்கறவங்க எத மூச்சு விடுவாங்க? ஒருத்தர் விட்டத இன்னொருத்தர் இழுக்கணுமா?"

அடைத்த ஜன்னல், அடைத்த துவாரம், உள்ளே இருபத்திரண்டு குழந்தைகளும் டீச்சரும் இரண்டு ஆயாக்களும். போர்வையைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தால் எப்படி இருக்கும்? அரை மணியில் தலை கனக்கும், ஒன்றுக்குச் சளி பிடித்தால் இருபத்திரண்டுக்கும் பிடிக்கும். கதவைத் திறந்தால் வருவதும் அதே சாலைக் காற்றுதான். இதை நிதானமாக, அவருக்குப் புரியும்படி சொன்னேன். மாற்று வழியையும் சொன்னேன். காப்பகத்தின் பின்சுவரை ஒட்டி, மொட்டைமாடிவரை, ஒரு பழைய குப்பைக் குழாய் இருக்கிறது. மாடி மாடியாகக் குப்பையைக் கொட்டிக் கீழே இறக்கியது. அடைத்துப் பல வருடமாகிறது. அதை இரும்புத் தூரிகையால் தேய்த்துக் கழுவி, உள்ளே புதுக் குழாயை இறக்கினால், மேலே இருக்கும் நல்ல காற்றை நேராகக் கீழே கொண்டுவரலாம். நான்கு நாள் வேலை.

"மேல எங்க வரும் அதோட வாய்?"

"தோட்டத்துல, நீரூத்துப் பக்கம்."

"முதலாளி உக்கார்ற எடத்துல தகரக் கூண்டா?" அவருக்கு அப்போதுதான் உண்மையாகவே பயம் வந்தது. "ஆகட்டும். அடுத்த கமிட்டியில வைக்கிறேன்."

"எப்ப கமிட்டி?"

"ரெண்டு மாசத்துல கூடும்."

இரண்டு மாதம். நான் வாயைத் திறப்பதற்குள் என் நாத்தனார் குறுக்கே வந்தாள். மேனேஜர் நின்றால் எழுந்து நிற்கிறவள், அவரை 'சார்' இல்லாமல் ஒரு வாக்கியம் பேசாதவள். அவரைத் தாண்டி என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அண்ணி, லிஃப்ட்ல ஒரு தடவைக்கு எத்தன பேர் போலாம்?"

"எட்டுப் பேர்."

"பெரியவங்க எட்டுன்னா சின்னது கொஞ்சம் கூட ஏறும்ல?" சில்வண்டைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "பாயெல்லாம் எடுங்க. பால் பாட்டில எடுங்க. வாங்கடா செல்லங்களா, மாடிக்குப் போலாம்."

"டீச்சர்! அங்க போகக் கூடாது!"

"ஏன் சார்? காத்து 'நன்று'ன்னு ரிப்போர்ட் குடுத்தீங்களே, அது அங்கதானே இருக்கு?"

மூன்று நடையில் இருபத்திரண்டும் மேலே போய்விட்டன. டிரைவர் பாய்களைச் சுமந்தார். வரவேற்புப் பெண் தன் நாற்காலியை விட்டுவிட்டு, அந்தக் கண்ணாடித் தடுப்போரம் மற்ற தாய்மாரோடு காவலுக்கு நின்றாள். புல்லில் பாய் விரிந்தது. சாய்வு நாற்காலி ஒன்றில் நான்கு பேர் ஏறி, பஸ் ஓட்டினார்கள். நீரூற்றில் ஒருவன் செருப்பைக் கழுவினான். சில்வண்டின் நெஞ்சு உடனே சரியாகிவிடவில்லை. காற்று மந்திரமில்லை, இரண்டு வருடக் கரி ஒரு காலையில் போகாது. கீச்சொலி இருந்தது. ஆனால் அம்மாவின் மடியில் சாய்ந்து படுத்தாள். நிமிர்ந்து உட்காரவில்லை.

பத்து மணிக்கு முதலாளி நடை ஷூ மாட்டிக்கொண்டு வந்தார். கதவைத் திறந்தவர், காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

"யார் இவங்கல்லாம்?"

"கிரெச் குழந்தைங்க சார்" என்றார் ஆகட்டும்.

"கீழ என்னாச்சு?"

எல்லோரும் ஆகட்டும் சாரின் வாயைப் பார்த்தோம். நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் வாயால் வரட்டும் என்று காத்திருந்தேன். அவர் கழுத்துப் பட்டையைத் தளர்த்தினார்.

"கீழ... காத்து சரியில்ல சார்."

"போன வாரம்தானே நல்லா இருக்குன்னு ரிப்போர்ட் அனுப்பினீங்க?"

"அது... இங்க அளந்தது சார்."

முதலாளி நீரூற்றுப் பக்கம் இருந்த வெள்ளைப் பெட்டியைப் பார்த்தார், பிறகு புல்லில் கிடந்த பால் பாட்டிலைப் பார்த்தார்.

"சார்" என்றாள் நாத்தனார், எழுந்திருக்காமல். "நீங்க மூச்சு விடுற காத்துலேருந்து கீழ ஒரு குழாய் போட்டுக் குடுங்க. போட்டு முடிக்கிற வரைக்கும் நாங்க இங்கதான் இருப்போம்."

"எத்தன நாள் ஆகும்?"

"நாலு நாள்" என்றேன்.

"நாலு நாளும் இவங்க இங்கயா?"

"ஆமா."

சாய்வு நாற்காலியில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி அவரைப் பார்த்து, "ஏறுங்க, எடம் இருக்கு" என்றாள். அவர் ஏறவில்லை.

"மூணு நாள்ல முடிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

அவ்வளவுதான் விஷயம். ஆறு குழந்தைகளின் பையில் பம்பு இருந்தபோது இரண்டு மாதம் ஆகும் என்றது, புல்லில் பாய் விழுந்ததும் மூன்று நாளானது. அவர் ஒத்துக்கொண்டது குழந்தைகளுக்காக இல்லை, புல்லுக்காக. நான் நன்றி சொல்லவில்லை. ஆகட்டும் சார் சொல்லச்சொல்லிக் கண்ணைக் காட்டினார். குப்பைக் குழாய்க் கதவின் சாவியை மட்டும் கேட்டு வாங்கினேன்.

கதவைத் திறந்ததும் பழைய நாற்றம் முகத்தில் அறைந்தது. கழுவுவதற்கே முதல் நாள் முழுக்கப் போனது. மறுநாள் சுருட்டி வைத்த குழாயை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது இன்ஜினியர் வந்து நின்றார். சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார்.

"நான்தான் அந்த எடத்தக் காட்டுனேன்" என்றார்.

"நான்தான் வெட்டினேன். அப்புறம் அழலாம், முனையப் பிடிங்க."

பிடித்தார். இருட்டுக்குள் குழாயை அடி அடியாக இறக்கினோம். நான்காவது மாடி அளவுக்கு இறங்கியபோது, அவர் மூச்சு வாங்கியபடி கேட்டார்.

"ரோட்டுப் பக்க வாய அடைச்சிட்டா, அங்க வந்து முட்டுற புகை எங்கம்மா போகும்?"

"எங்கயும் போகாது. பஸ்ஸுக்கு நிக்கிறாங்களே நாப்பது பேர், அவங்க மூஞ்சிக்குத்தான் போகும்."

அவர் கை நின்றது. என்னுடையதும்தான். கீழே சாலையில் ஒரு பஸ் உறுமுவது குழாய் வழியாக மேலே கேட்டது.

"எதிர்ப்பக்கம்தான் மேலேருந்து நல்ல காத்து இறங்குது, ஸ்டாப்ப அங்க மாத்தச் சொல்லி எழுதிக் குடுக்கலாம்" என்றார் மெதுவாக. "யார்கிட்ட குடுக்கணும்னு விசாரிக்கிறேன்."

"விசாரிச்சுட்டு சொல்லுங்க" என்றேன். "குடுக்க நானும் வரேன். புகைக்குச்சி இன்னும் பதினொண்ணு இருக்கு."